வைல்ட் டிஸ்கஸ்: செட்டிநாட்டு வீட்டில் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் ஐந்தடித் தொட்டி ஒன்று ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இப்போது ஏழு டிஸ்கஸ் மீன்கள். ஏழும் பண்ணையில் பிறந்தவை அல்ல. அமேசான் பக்கத்து ஆறுகளில் பிடித்துக் கொண்டுவந்தவை. கல்யாணத்துக்கு வந்தவர்கள், பழைய வீடு பார்க்க வந்தவர்கள், காரைக்குடியில் தொட்டி வைத்திருக்கும் தம்பிகள் என்று எல்லாரும் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். சில பதில்கள் நீளும், சில ஒரே வரியில் முடியும்.

வைல்ட் டிஸ்கஸ் என்றால் என்ன? கடையில் இருப்பதும் அதுவும் ஒன்றுதானே?

இனம் ஒன்றுதான், வளர்ப்புதான் வேறு. கடைத் தொட்டியில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளப்பவை பல தலைமுறையாகப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவை. குருணைத் தீனி, குழாய்த் தண்ணீர், தொட்டிக்கு முன்னால் மனிதர்கள் நடமாடுவது எல்லாமே அவற்றுக்குப் பழக்கம். வைல்ட் என்பது ஆற்றிலேயே பிறந்து, விழுந்து கிடக்கும் மரக்கிளைகளுக்குள் கூட்டமாக ஒளிந்து வாழ்ந்து, ஒரு நாள் வலையில் மாட்டியது. அதற்குக் கண்ணாடியும் தெரியாது, நம்மையும் தெரியாது.

1840-ல் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர், அமேசானில் கலக்கும் ரியோ நீக்ரோ ஆற்றில் கிடைத்த மீனைப் பார்த்து முதலில் பெயர் வைத்தார். அந்த வகைக்கு இன்றும் ஹெக்கல் என்றே பெயர். டிஸ்கஸ் உடம்பில் மேலிருந்து கீழாக ஒன்பது பட்டைகள் உண்டு. ஹெக்கலுக்கு நடுவிலுள்ள ஐந்தாவது பட்டை தடித்துக் கறுத்திருக்கும், வேட்டிக் கரை மாதிரி. இது தவிர கிரீன், புளூ, பிரவுன் என்று மூன்று பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. டெஃபே பக்கத்துக் கிரீன் மீன்களின் உடம்பில் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அலென்கெர், சாந்தரேம் பக்கம் பிரவுன்.

அழகு எப்படி என்று கேட்டால், பண்ணை டிஸ்கஸ் கல்யாணப் பட்டு, வைல்ட் கண்டாங்கி. தூரத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிட்டே போய் உட்கார்ந்தால்தான் கட்டமும் கோடும் அரக்கும் தெரியும். எங்கள் ஆச்சி முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வவ்வால் மீனக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கான், குழம்புக்கு ஆகுமா?" என்றுதான் கேட்டார். வடிவத்தில் அவர் சொன்னது சரி.

இதுவரை டிஸ்கஸ் வளர்த்ததில்லை. நேராக வைல்டே வாங்கலாமா?

வேண்டாம். பண்ணையில் பிறந்த குட்டிகள் ஆறு வாங்கி ஒரு வருடம் வளருங்கள். அவை உயிரோடு வளர்ந்து நிற்கட்டும், அப்புறம் பேசலாம்.

எங்கள் ஊர்த் தண்ணீர் இதற்கு ஆகுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ரியோ நீக்ரோ என்றால் கறுப்பு ஆறு. உண்மையிலேயே ஆறு முழுக்கப் பால் விடாத தேநீர் நிறம். காட்டு இலையும் கட்டையும் ஊறிய சாறு அது. ஆனால் அந்த நீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. புளிப்பைக் காட்டும் பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில் நிற்கும் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). நம் போர்வெல் தண்ணீரோ நேர் எதிர்: பிஎச் 7.5-க்கு மேல், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் சில நூறுகள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று ஒரு பெருமை உண்டு, குடிக்க அருமையான தண்ணீர்தான். ஆனால் குடிக்க நல்லதாக இருப்பதும் ஹெக்கலுக்கு நல்லதாக இருப்பதும் வேறு வேறு. எங்கள் தெருவிலேயே எங்கள் போரில் டிடிஎஸ் 480 காட்டுகிறது, நாலு வீடு தள்ளி இருக்கும் கிணற்றில் 190. அதனால் "எங்கள் ஊர்த் தண்ணீர்" என்று பொதுவாகப் பேசவே முடியாது. மீன் வாங்குவதற்கு முன்னால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். தொட்டிச் சாமான்களில் விலை குறைந்தது அதுதான், நாம் கடைசியாக வாங்குவதும் அதைத்தான்.

வைல்டில் பிரவுனும் புளூவும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிஎச் 6-லிருந்து 6.8 வரை, டிடிஎஸ் 100-க்குள் வைத்தால் போதும், நிதானமாகப் பழக்கினால் 7 வரை கூடத் தாங்கும். கிரீனுக்கு இன்னும் மென்மையான நீர் வேண்டும். ஹெக்கல் விட்டே கொடுக்காது. பிஎச் 5 பக்கம், டிடிஎஸ் 30-க்குள். அதற்கு ஆர்ஓ தண்ணீரோ மழைத் தண்ணீரோ தவிர வேறு வழி கிடையாது.

வீட்டுக் குடிநீர் ஆர்ஓ இயந்திரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ருசிக்காகப் பழைய தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் திருகு ஒன்று பல இயந்திரங்களில் இருக்கும், சிலவற்றில் தாது சேர்க்கும் குப்பியும் இருக்கும். மீனுக்கு இரண்டும் கூடாது. ஆர்ஓ கழித்து வெளியே விடும் தண்ணீரை முற்றம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஏறிய தண்ணீர் என்பதால் செடிக்கு அவ்வளவாக ஆகாது.

இன்னொன்று. உப்பே இல்லாத தண்ணீரில் பேனா மாதிரி இருக்கும் மலிவு பிஎச் மீட்டர்கள் நிலையாக நிற்பதில்லை, எண் அலைந்துகொண்டே இருக்கும். காலை ஒன்று மாலை ஒன்று என்று காட்டினால் மீனுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதற வேண்டாம். மீனைப் பாருங்கள், டிடிஎஸ்ஸைப் பாருங்கள்.

வீட்டில் முற்றம் இருக்கிறது, மழைத் தண்ணீர் பிடிக்கலாமா?

தாராளமாகப் பிடிக்கலாம். செட்டிநாட்டு வீட்டைக் கட்டியவர்கள் டிஸ்கஸுக்காகவே கட்டினார்களோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும். நாலு பக்கத்து ஓட்டுக்கூரையும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்து, தகரத் தாழ்வாரம் வழியாக மூலைக்கு மூலை தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. நூறு சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 90 லிட்டர். ஐப்பசியில் ஒரு நல்ல இரவு மழைக்கு என் எட்டு டிரம்மும் நிறைந்துவிடும். மீட்டரை விட்டால் 12, 15 என்று காட்டும். அதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும்.

முதல் மழையைப் பிடிக்காதீர்கள். ஆறு மாதத் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். இரண்டு மழை கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும், மூன்றாவதிலிருந்து பிடிக்கலாம்.

அடுத்து, பாத்திரம். தாழ்வாரத்துக்கு அடியில் பெரிய செம்பு அண்டாவையும் பித்தளைத் தவலையையும் வைத்துப் பிடிப்பது நம் வீட்டு வழக்கம். அந்தத் தண்ணீர் மனிதருக்கு நல்லது என்பார்கள். மீனுக்கு விஷம். உப்பில்லாத, புளிப்புச் சாய்ந்த தண்ணீர் செம்பை லேசாகக் கரைத்துக்கொள்ளும், செம்பு மீனின் செவுளைக் கெடுக்கும். நீல பிளாஸ்டிக் டிரம்தான் சரி. அதுவும் முன்பு ரசாயனம் வைத்திருந்த டிரம்மாக இருக்கக் கூடாது. மூடி போட்டு, மேலே நைலான் துணி கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கொசு முட்டையிட்டு டெங்குவுக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

மூன்றாவது, சுண்ணாம்பு. இதில்தான் நான் அடிபட்டேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரையில் ஆர்ஓ இயந்திரம் நின்றுபோனது. ஆள் வர நாலு நாளாகும் என்றார்கள். வளவில் தரைக்கடியில் பழைய மழைநீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் பாதி தண்ணீர் இருந்தது. மழைத் தண்ணீர்தானே என்று அளந்துகூடப் பார்க்காமல் நாற்பது சதவீதம் மாற்றிவிட்டேன். அந்தத் தொட்டி உள்ளே முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. தண்ணீர் வருடக்கணக்கில் அதோடு உறவாடி பிஎச் 8.2-ல் நின்றிருக்கிறது. பிஎச் 5-ல் இருந்த தொட்டி ஒரு மணி நேரத்தில் 7-ஐத் தாண்டியது. மறுநாள் காலை நாலு ஹெக்கலில் மூன்று தரையில் கிடந்தன.

அவற்றைக் கொன்றது சுண்ணாம்பு மட்டுமல்ல. புளிப்பு நீரில் மீனின் கழிவு பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், அது அவ்வளவாகக் கொல்லாது. பிஎச் 7-க்கு மேல் ஏறினால் அதே கழிவில் ஒரு பங்கு அம்மோனியாவாக மாறிவிடும், அது கொல்லும். புளிப்பு நீரில் கழிவைத் தின்னும் பாக்டீரியா மந்தமாகத்தான் வேலை செய்யும் என்பதால் அம்மோனியமும் கொஞ்சம் சேர்ந்தே கிடந்திருக்கிறது. குறைந்த பிஎச்சில் வளர்ப்பவர் மீன்களைக் குறைவாகவும் தீனியை அளவாகவும் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மழையையே நம்பி வருடம் முழுக்க ஓட்ட முடியாது. எட்டு டிரம் என்றால் 1,600 லிட்டர். என் தொட்டி 560 லிட்டர். வாரம் இரண்டு முறை கால் பங்கு மாற்றினால் வாரத்துக்கு 280 லிட்டர், ஆறு வாரத்தில் டிரம் காலி. மாசி, பங்குனி வந்தால் ஆர்ஓதான்.

பிஎச் குறைய எலுமிச்சை பிழியலாமா? புளி கரைத்து ஊற்றலாமா?

சிரிக்காதீர்கள், புளி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வாய்க்கு அப்படித்தான் தோன்றும். கூடாது. கடினமான தண்ணீரில் எந்தப் புளிப்பை ஊற்றினாலும் அதிலுள்ள கார்பனேட் அதைச் சமாளித்துக்கொண்டு மறுநாளே பிஎச்சைப் பழைய இடத்துக்கு ஏற்றிவிடும். ஏறி இறங்கி ஏறி, மீன் படாத பாடு படும். புளியில் உள்ள சர்க்கரைக்குப் பாக்டீரியா பெருகித் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கும். முதலில் உப்பைக் குறையுங்கள், பிஎச் தானே இறங்கும்.

நிறத்துக்கும் சாறுக்கும் காய்ந்த வாதாம் இலை போதும். நாட்டு வாதாமரம் பள்ளிக்கூட வாசலிலும் கோயில் பக்கமும் நிறைய நிற்கிறது. தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலையை, பூச்சி மருந்து அடிக்காத இடத்தில் பொறுக்கி, அலசிக் காயவைத்து, நூறு லிட்டருக்கு ஐந்தாறு இலை போடுங்கள். வேப்பிலை, புளிய இலையெல்லாம் வேண்டாம்.

நம் ஊர் வெயிலில் தாக்குப்பிடிக்குமா?

மற்ற மீன்காரர்களுக்கு நம் வெயில் சாபம், டிஸ்கஸ்காரர்களுக்குப் பாதி வரம். இதற்கு 28-லிருந்து 30 டிகிரி வேண்டும், ஹெக்கல் 31-லும் சந்தோஷமாக இருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் ஹீட்டருக்கு மின்சாரக் கட்டணம் கட்டிக்கொண்டிருக்க, நாம் மாசியிலிருந்து ஐப்பசி வரை ஹீட்டரைக் கழற்றியே வைத்துவிடலாம். மார்கழி, தை இரவுகளில்தான் தண்ணீர் 25-க்கு இறங்கும், அப்போது ஹீட்டர் கட்டாயம்.

சித்திரை, வைகாசி வேறு கதை. வெளியே 39, 40. கான்கிரீட் வீட்டு மாடி அறையில் தொட்டி 34-ஐத் தொடும். சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடித்து வைக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பக்கம் இருப்பது 30-ல் ஏழரை. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் காரணம். மேல்மட்டத்தில் தண்ணீரைக் கலக்கிவிடும்படி காற்று பம்ப் கூடுதலாக ஒன்று, தண்ணீர் பரப்பின் மேல் வீசும்படி சின்ன மின்விசிறி ஒன்று. விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், கூடவே தண்ணீரும் வற்றும். வற்றியதற்கு ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே நிற்கும்.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. இரண்டடிச் சுவரும் உயர்ந்த கூரையும் இருக்கிற அறையில் எங்கள் தொட்டி விசிறி இல்லாமல் 32-ஐத் தாண்டியதில்லை.

எவ்வளவு பெரிய தொட்டி? எங்கே வைப்பது?

கூட்டமாக வாழும் மீன், ஆறுக்குக் குறைந்தால் ஒன்றை ஒன்று மிரட்டும். ஆறு மீனுக்கு ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். தண்ணீர், கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 650 கிலோவுக்குக் குறையாது. அதனால் மாடியில் மரத்தளம் உள்ள பழைய வீடுகளில் கீழ்க்கட்டுதான். ஆத்தங்குடிக் கல் தரையில் ஸ்டாண்டின் கால் நேராக உட்கார்ந்தால் கல் விரிசல் விடலாம், அடியில் பலகை போடுங்கள்.

முகப்பில் வைக்காதீர்கள். வந்தவர்கள் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் முகப்பில் வெயில், வண்டிச் சத்தம், ஊஞ்சல், வருவோர் போவோர். வெளிச்சம் குறைந்த இரண்டாம் கட்டு அறை மேல். தொட்டிக்குப் பின்புறமும் ஒரு பக்கமும் கறுப்புத் தாள், உள்ளே கிளை கிளையாய்ப் பிரிந்த மரக்கட்டை, மெல்லிய மணல். மணலில் சுண்ணாம்புக் கல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கை மணலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அந்த மணல் வேண்டாம். பாருங்கள், எலுமிச்சைக்கும் ஒரு வேலை வந்துவிட்டது.

மீன் வந்து இறங்கும் நாள் என்ன செய்ய வேண்டும்?

பிரேசிலில் ஆறு வற்றும் மாதங்களில்தான் இவற்றைப் பிடிக்க முடியும். வெள்ளம் வந்தால் காட்டுக்குள்ளேயே தண்ணீர் ஏறி மீன் எங்கோ போய்விடும். அதனால் பெரும்பாலும் வருடக் கடைசியிலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும்தான் சரக்கு வரும். சென்னையில் கொளத்தூர் வியாபாரிகள் மூலம் சொல்லிவைத்து வாங்கலாம். வெளிநாட்டு அலங்கார மீனுக்கு இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்தலும் உண்டு. அந்தக் காகிதத்தைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

அங்கிருந்து காரைக்குடிக்கு ரயிலிலோ காரிலோ எட்டு மணி நேரம். பையில் அடைபட்ட மீனின் மூச்சால் தண்ணீரில் கரியமில வாயு ஏறி பிஎச் இறங்கியிருக்கும், கழிவு அம்மோனியமாகக் கிடக்கும். மேலே சுண்ணாம்புத் தொட்டிக் கதையில் சொன்ன அதே விஷயம் இங்கேயும் காத்திருக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியம் அம்மோனியாவாகும். அதனால் பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடாதீர்கள். திறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே அவர் தொட்டியின் டிடிஎஸ், பிஎச் கேட்டு, அதே மாதிரி தண்ணீரைத் தயார் செய்து வைத்திருங்கள். பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது.

விளக்கைப் போடாதீர்கள். அன்றைக்குத் தீனியும் வேண்டாம். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டவும் வேண்டாம்.

இரண்டு வாரமாக எதுவுமே தின்னவில்லை. செத்துவிடுமா?

உடம்பு பிடிப்பாக வந்த மீன் இரண்டு வாரம் தின்னாவிட்டாலும் சாகாது. நெற்றிக்கு மேலே முதுகுத் தசை உள்ளே குழிந்து கத்தி மாதிரி தெரிந்தால்தான் பயப்பட வேண்டும்.

அதற்கு நம் குருணை சாப்பாடு என்றே தெரியாது. ஆற்றில் அது தின்பது பாசி, மட்கிய இலைதழை, சின்னச் சின்னப் புழு பூச்சி. எங்களிடம் இருக்கும் பெரிய பிரவுன் வந்த பிறகு பதினேழு நாள் கட்டைக்குப் பின்னால் உடம்பைச் சாய்த்துக் கறுத்துப்போய் நின்றது. பதினெட்டாம் நாள் சாயங்காலம் உறைந்த ரத்தப்புழு நாலைந்தைக் கரைத்து, அது நிற்கிற பக்கம் குழாயால் மெதுவாக விட்டேன். ஒரு புழு அதன் வாய்க்கு முன்னால் வந்து விழுந்தது. உற்றுப் பார்த்தது. இழுத்தது, துப்பியது. மறுபடி இழுத்தது, துப்பியது. மூன்றாம் தடவை போனது வெளியே வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஆச்சி, "என்னடா அப்படிச் சிரிக்கிறே?" என்றார்.

ரத்தப்புழுவில் தொடங்கி, மாதம் ஒன்றாவது போன பிறகு இறால் கலவைக்குக் கொண்டுவரலாம். தொண்டிப் பக்கமிருந்து வரும் இறாலை ஓடு நீக்கி, கொஞ்சம் கீரை, ஒரு பல் பூண்டு சேர்த்து அரைத்துத் தட்டையாக உறைய வைத்து, கிள்ளிப் போடுங்கள். உப்போ மஞ்சளோ வேண்டாம், கைப்பழக்கத்தில் போட்டுவிடுவோம். உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவைத் தவிர்த்துவிடுங்கள், சாக்கடையிலிருந்து நோயையும் கூட்டிவரும். ஏற்கெனவே தின்னப் பழகிய மீன் ஒன்று கூட்டத்தில் இருந்தால் மற்றவை அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

வந்தவுடன் மருந்து போட வேண்டுமா?

முதல் வாரம் வேண்டாம், அது மூச்சு விடட்டும். ஆனால் ஆற்று மீனின் குடலில் புழுவும் செவுளில் ஒட்டுண்ணியும் கிட்டத்தட்ட நிச்சயம் இருக்கும். மணல் இல்லாத வெறும் தொட்டியில் ஆறு வாரம் தனியாக வையுங்கள். தினமும் கழிவைப் பாருங்கள். வெள்ளையாக நூல் மாதிரி இழுத்தால் குடலில் கசையுயிரிகள் என்ற நுண்ணுயிர்கள் இருக்கலாம். அதற்கு மெட்ரோனிடசோல், 40 லிட்டருக்கு 250 மில்லிகிராம் கணக்கு. ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறுபக்கம் மட்டும் வேகமாக அடித்தால், கட்டையில் உடம்பைத் தேய்த்தால், செவுள் புழு. அதற்குப் பிராசிகுவாண்டெல், லிட்டருக்கு 2 மில்லிகிராம். மருந்து போடும்போது காற்று கூடுதலாக ஓடட்டும். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்காமல் கால்நடை மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். நான்கைந்து மருந்தை ஒன்றாகக் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயில் போனதைவிட மருந்தில் போனதே அதிகம்.

பண்ணை டிஸ்கஸோடு சேர்த்து விடலாமா? வேறு எந்த மீன் துணைக்கு ஆகும்?

பண்ணை மீனோடு சேர்க்க வேண்டாம். ஒன்றுக்குப் பழகிப்போன கிருமி மற்றதைக் கொல்லும், இரண்டு பக்கமும். துணைக்குக் கார்டினல் டெட்ரா அருமை, அதுவும் ரியோ நீக்ரோ ஊர்க்காரன்தான். அடியில் மேய ஸ்டெர்பை கோரிடோராஸ், அது சூட்டைத் தாங்கும். ஏஞ்சல் மீன் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீன் வேண்டவே வேண்டாம், ராத்திரியில் டிஸ்கஸின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வழவழப்பை உறிஞ்சும்.

கரண்ட் போனால்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போனால் மாலைதான் வரும். பேட்டரி காற்று பம்ப் ஒன்று கட்டாயம், வீட்டு இன்வெர்ட்டரில் தொட்டிக்கு ஒரு இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றுபோன கேனிஸ்டர் வடிகட்டியை அப்படியே ஓட விடாதீர்கள். உள்ளே அழுகிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓட விடுங்கள்.

வீட்டில் கல்யாணம் வருகிறது. தொட்டியை என்ன செய்வது?

இருநூறு பேர், மேளம், வெடி, கேமரா வெளிச்சம். தொட்டியை நகர்த்த முடியாது, அதனால் மறைத்துவிடுங்கள். இரண்டு நாளைக்கு முன்பே தீனியைப் பாதியாக்கி, கல்யாணத்தன்று கனத்த ஜமுக்காளத்தை மூன்று பக்கமும் தொங்கவிட்டு, அறைக் கதவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. என் தங்கை கல்யாணத்தில் ஒரு சின்னப் பயல் தொட்டிக்குள் பூந்தி போட்டான். அதற்குப் பிறகுதான் சாவி யோசனை வந்தது.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டில் வைத்துவிட்டு, வீடு பார்த்துக்கொள்பவரைத் தீனி போடச் சொல்லலாமா?

வைக்காதீர்கள். அவர் நல்லவர்தான். தினமும் கை நிறையப் போடுவார், அன்பினால்.

வாஸ்துவுக்கு நல்லதா?

அரவானா மீன் வாங்கியவர்களிடம் கேளுங்கள்.

ஆற்றிலிருந்து பிடிப்பது பாவமில்லையா?

எனக்கும் உறுத்திய கேள்வி. ரியோ நீக்ரோ கரையில் பார்சேலோஸ் என்றொரு ஊர். அங்கே குடும்பம் குடும்பமாக இந்தச் சின்ன மீன்களைப் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் அலங்கார மீன் திருவிழாவே உண்டு, ஊர் கார்டினல் கட்சி, டிஸ்கஸ் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஆட்டம் பாட்டம் நடக்கும். மீனில் வருமானம் இருக்கும்வரை அவர்களுக்குக் காட்டை வெட்ட அவசியமில்லை. "மீன் வாங்கு, மரத்தைக் காப்பாற்று" என்பது அங்கே வேலை செய்யும் புராஜெக்ட் பியாபா அமைப்பின் வாசகம். பெருமளவுக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த நியாயம், இங்கே வந்த மீன் பத்து வருடம் வாழ்ந்தால்தான் செல்லும். மூன்று மாதத்தில் சாகடித்துவிட்டு அடுத்த பெட்டி வாங்குபவர் அதைச் சொல்லக் கூடாது.

குஞ்சு பொரிக்குமா?

வைல்ட் ஜோடி சேர்வது அபூர்வம். ஆனால் ஐப்பசி மழை பிடித்த வாரம் கொஞ்சம் குளிர்ந்த மழைத் தண்ணீரை மாற்றிவிட்டால் ஒரு பரபரப்பு வருவதைப் பார்க்கலாம், ஆற்றில் வெள்ளம் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறதோ என்னவோ. இதுவரை எங்கள் தொட்டியில் இரண்டு தடவை முட்டையிட்டன. முதல் தடவை அவையே தின்றுவிட்டன.

இரண்டாம் தடவை மூன்றாம் நாளே பொரிந்தது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் இரண்டின் உடம்பிலும் போய் ஒட்டிக்கொண்டன. உடம்பில் சுரக்கும் வழவழப்புதான் அவற்றுக்குப் பால். ஒன்று களைத்தால் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பும், குஞ்சுகள் அத்தனையும் மற்றதிடம் தாவும். பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், முட்டையிட்டதும் அந்த வழவழப்பில் புரதம் கூடுகிறது, மூன்றாம் வாரம் வாக்கில் பெற்றோர் குஞ்சுகளை விட்டு விலகி விலகிப் போய்ப் பால் மறக்கச் செய்கின்றன என்று காட்டியிருக்கிறார்கள். அதை நானும் பார்த்தேன். ஆச்சியும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார், குழம்புப் பேச்சு அதோடு நின்றது.

வளர்க்க முடியவில்லை. ஊருணியில் விட்டுவிடலாமா?

கூடாது. மென்மையான தண்ணீர் கேட்கும் டிஸ்கஸ் ஊருணியில் செத்துப்போகும், ஆனால் அதன் நோய் அங்கே இருக்கும் மீனுக்குப் போகலாம். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனை இப்படி விட்டு விட்டுத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. விற்றவரிடம் திருப்பிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வளர்ப்பவர் யாரிடமாவது கொடுங்கள்.

உங்கள் தொட்டியைப் பார்க்க வரலாமா?

வரலாம். மாலை நாலு மணிக்கு மேல் வாருங்கள். போனில் வெளிச்சம் அடிக்காதீர்கள், கண்ணாடியைத் தட்டாதீர்கள். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது, வெறும் தேநீர்த் தண்ணீரும் கட்டையும்தான் இருக்கும். தொட்டிக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிடக்கும், உட்காருங்கள். பத்து நிமிடம் போனால் முதலில் அந்தப் பெரிய பிரவுன் வரும்.